நாற்பத்திரண்டு எட்டு

மற்ற ஊர்களில் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் மண்வெட்டியும் நீளமான இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு போவோம். பூவெல்லாம் அப்புறம்தான். முதலில் செத்தவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் கல்லறைத் தோட்டம் மணலில் இருக்கிறது. முன்னால் கோவில், பின்னால் மணல்மேடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் கடல். சிமென்டில் கல்லறை கட்டினால் மணல் இறங்கி இரண்டே மழையில் வெடித்துவிடும் என்பதால் எல்லோருக்கும் மரக்குருசுதான், மரத்தில் செய்த சிலுவை. நுழையும் இடத்தில் பழைய கற்குருசு ஒன்று நிற்கிறது, அது மட்டும்தான் அசையாதது. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று கடலிலிருந்து வீசும். மேட்டு மணலை அள்ளிக்கொண்டு வந்து குருசுகளின் மேல் போடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டாரும் போய்த் தங்கள் குருசை மணலிலிருந்து பிடுங்கி, அதே இடத்தில் மேலே நட்டுவிட்டு வருவார்கள். ‘குருசு தூக்கப் போறோம்’ என்போம். தேங்காய் வெட்டப் போகிறோம் என்பதுபோல அது எங்களுக்குச் சாதாரணப் பேச்சு.

அம்மா இதில் பெரிய கறார்க்காரி. குருசைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும், குழி மூடுவதற்குள் அதே துளையில் இறக்க வேண்டும். நான் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் கையில் ஒரு அடி விழும்.

“சாச்சுத் தூக்காதட்டி. வருசத்துக்கு ஒரு சாண் நீங்கினாப் போதும், பத்து வருசத்துல வேற ஆளுக்க தலைக்க மேலயாக்கும் நிக்கும். பொறவு நீ ஆருக்குச் செபம் சொல்லுவ?”

அந்தக் குருசு அப்பாவுடையது. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, கரையேறுகிற நேரத்தில் அலையடியில் வள்ளம் கவிழ்ந்து இறந்தார். மூன்றாம் நாள்தான் உடம்பு ஒதுங்கியது. முகம் பார்க்கிற மாதிரி இல்லை. அதற்குச் சில வருடம் முன்னால் வள்ளம் தள்ளும்போது அப்பாவின் வலது கால் முறிந்து, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஆறு திருகாணி போட்டு உள்ளே ஒரு தகடு வைத்திருந்தார்கள். அம்மா மணலில் உட்கார்ந்து அந்தக் காலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவினாள். தோலுக்கு அடியில் தகட்டின் விளிம்பு கையில் தட்டியதும், “எனக்க ஆளுதான்” என்றாள். ராத்திரி ராத்திரி எண்ணெய் போட்டு உருவிவிட்ட கால் அல்லவா, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

அதன்பிறகு அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சேலை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போ என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பழைய குழியைத் திறந்து, உள்ளே இருக்கும் எலும்பை வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அதே குடும்பத்து ஆளை அதில் அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. “என்ன அவருக்க குழியில வையுங்க மக்கா. அந்தக் காலுக்க பக்கத்துல கெடத்தினாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.” இதை எனக்கும் என் தம்பிக்கும் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு. கோபம் எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும்.

முன்பெல்லாம் மணல் முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறியதில்லை. அதற்குக் காரணம் ராவணன் மீசை. கடலைப் பார்த்த சரிவு முழுக்க அந்தப் புல் மண்டிக் கிடக்கும். ஊசிபோலக் குத்தும், வலை காயப்போட்டால் வலையைக் கிழிக்கும், வெறுங்காலோடு போனால் ரத்தம் பார்க்காமல் திரும்ப முடியாது. அதைத் திட்டாத வாய் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் பறந்து வரும் மணல் அதில் தட்டி நின்றுவிடும். ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் ஒரு குட்டி மேடு சேரும். புல் மூடினால் அதற்கு மேலே மறுபடியும் தலை நீட்டும். இப்படிப் புல்லும் மணலும் ஒன்றையொன்று ஏறி ஏறித்தான் அந்த மேடே உண்டாகியிருந்தது. இதெல்லாம் அந்தப் புல் போனபிறகு எனக்கு விளங்கியது. இருக்கும்போது குத்துவது மட்டும்தான் தெரிந்தது.

புல்லைப் பிடுங்கியது வெளியூர்க்காரன் யாருமில்லை, நாங்கள்தான். எங்கள் பையன்களுக்குப் பந்து விளையாட இடம் வேண்டும் என்று ஊர்க்கமிட்டி முடிவெடுத்தது. மேட்டின் கடல்பக்கச் சரிவை வெட்டிச் சமமாக்கினோம். தம்பி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டு ஊர்ப் பந்து அணிக்குக் கோல்கீப்பராக நின்றான், அவன்தான் முன்னால் நின்று ஆள் சேர்த்தான். நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சனிக்கிழமை முழுக்கக் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ராவணன் மீசையை வேரோடு இழுத்தேன். ஒரு வேரை இழுத்தால் பத்தடி தூரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ‘சனியன், எவ்வளவு பிடிவாதம் பாரு’ என்று சிரித்தோம். சாயங்காலம் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினோம். பாயாசம்கூட வைத்தார்கள்.

அடுத்த ஆடியில் மணல் நடக்க ஆரம்பித்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மைதானத்துக்காக வெட்டிய இடம் காற்றுக்குத் திறந்த வாசலாகிவிட்டது. உள்ளே புகுந்த காற்று சரிவைச் சுரண்டி, உச்சியைத் தாண்டி, இந்தப்பக்கம் கல்லறைத் தோட்டத்தில் கொட்டியது. மணல் கணுக்காலில் சுளீர் சுளீரென்று அடிக்கும், வாயைத் திறந்தால் பல்லில் நறநறக்கும். அந்த வருடம் குருசின் கைவரைக்கும் மணல். அதற்கடுத்த வருடம் பாதிக் குருசுகள் தலையே தெரியவில்லை. கற்குருசே இடுப்பளவுக்குப் புதைந்து நின்றது. அப்போதுதான் இரும்புக் கம்பி வழக்கத்துக்கு வந்தது. மணலில் குத்திக்கொண்டே போனால் மரத்தில் ‘டொக்’கென்று தட்டும், அங்கே தோண்ட வேண்டும். பந்து மைதானமும் நிலைக்கவில்லை, குழியும் மேடுமாகிப் போயிற்று. அடப் பாவிகளா, இதுக்கா இந்தப் பாடு என்று எங்களையே திட்டிக்கொண்டோம். திட்டினால் புல் முளைக்குமா?

நான் செய்த காரியம் அதற்குப் பிறகு வந்த ஒரு வருடத்தில் நடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை கூடிக் கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் குருசு தூக்க நானும் தம்பியும் மட்டும் போனோம். காலை ஏழு மணிக்குக் கம்பியை எடுத்தவர்கள் மதியம் ஒரு மணி வரைக்கும் குத்தினோம். ஒரு தட்டலும் இல்லை. சுற்றிலும் மற்றவர்கள் தங்கள் குருசை நட்டு முடித்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். உச்சிவெயில், பசி, மூக்கிலும் காதிலும் மணல். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“போதும். புதுசு ஒண்ணு வாங்கி நட்டிருவோம்” என்றேன்.

“எங்கக்கா நடுவ? இடம் தெரியண்டாமா?” என்றான் தம்பி.

“இந்தா, இந்தத் தென்னைக்கு நேராத்தான் இருந்துச்சு. ஒரு எட்டு அங்க இங்க இருந்தா அப்பா கோவிச்சுக்கவா போறாரு?”

அன்றைக்கே கோட்டாற்றுக்குப் போய், அதே அளவில் ஒரு குருசு செய்யச் சொல்லி வாங்கிவந்தேன். நீலப் பெயிண்ட் நானே அடித்தேன். கண்கட்டு அவிழ்த்தபிறகு அம்மாவைக் கூட்டிப்போனபோது, அவள் குனிந்து குருசின் கையைத் தடவிப் பார்த்தாள்.

“வழுவழுன்னு இருக்கே மக்கா.”

“பழைய பெயிண்ட்டச் சுரண்டி அடிச்சேம்மா.”

“நேராத்தானே தூக்கின?”

“ஓ, நேராத்தான்.”

அவள் முழங்காலிட்டுச் செபம் சொல்ல ஆரம்பித்தாள். தம்பி என்னைப் பார்க்காமல் கடல்பக்கம் திரும்பி நின்றான். அதன்பிறகு எத்தனையோ வருடம் அவள் அந்த இடத்தில் முழங்காலிட்டாள். அங்கே கிடப்பது யார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், வீட்டுக்கு வந்து சோறு வைத்தால் மறந்துவிடும். உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பிறகு லாரி வந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினால் பெட்டி வைப்பதற்குள் மணல் சரிந்து மூடிவிடுகிறது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஊரே முறையிட்டது. ஒரு ஒப்பந்தக்காரன் வந்து, எங்கேயோ பள்ளம் நிரப்ப மணல் வேண்டும், தானே அள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னான். பழைய மட்டம் வரைக்கும் அள்ளுவது என்று பேச்சு. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு குருசையும் பிடுங்குவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஆழமாகக் கம்பி அடித்து, எண் எழுதிய தகரத்தைக் கட்டினார்கள். குருசுகளைக் கோவில் சுவரோரம் விறகுபோல அடுக்கினார்கள். ஜேசிபி இறங்கி ஒரு வாரம் அள்ளியது. கல்லறை மணலை, அதில் புதைந்து கிடந்த பழைய குருசுகளோடு அள்ளினான், மேட்டையும் சேர்த்து அள்ளினான். கேட்கப் போனவர்களிடம், “காத்து மறுபடியும் கொண்டாரும்லா, எதுக்குப் பேடிக்குதிய?” என்றான். பழைய மட்டத்துக்கும் கீழே ஒரு முழம் போனபிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

அவரவர் எண்ணைப் பார்த்துக் குருசை நட்டுக்கொள்ளலாம் என்று கோவிலில் அறிவித்தார்கள். அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். ஊரில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். கற்குருசு அத்தனை வருடத்துக்குப் பிறகு அடிப்பீடம்வரை வெளியே தெரிந்தது. அம்மா என் கையை உதறினாள். அந்தப் பீடத்தைத் தடவிப் பார்த்து, அதில் முதுகை ஒட்டி நின்றாள். பிறகு கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். வாய் முணுமுணுத்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்தில் போன பிறகே தெரிந்தது. தென்னைக்கு நேரே எங்கள் எண் கட்டிய கம்பி நின்றது. அதைத் தாண்டிப் போனாள். போய்க்கொண்டே இருந்தாள்.

“நாப்பத்திரெண்டு” என்று நின்றாள். “இஞ்சயாக்கும்.”

“என்னம்மா இது?”

“ஒனக்க அப்பாவ அடக்கின அன்னைக்கே எண்ணி வச்சேன் மக்கா. கற்குருசுல இருந்து நாப்பத்திரெண்டு எட்டு. பொறவு மணலு மேடாப் போச்சு, மேட்டுல ஏறி எறங்கினா எட்டு கணக்குக்கு நிக்காது. இந்தச் சவத்து மணலு இன்னைக்குத்தானே போயிருக்கு.”

கமிட்டிக்காரர் ஒருவர் கையில் நோட்டோடு வந்தார். “பாட்டி, ஒங்க நம்பரு அங்கல்லா நிக்குது? இது வேற வீட்டுக்க இடம்” என்றார். அந்த வேறு வீட்டுக்காரர்களும் பக்கத்தில்தான் நின்றார்கள். ‘ஏன் டீச்சர், இத்தன வருசமும் அங்கதானே குருசு நட்டீங்க?’ என்று அந்த அம்மாள் என்னிடமே கேட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் பொய்க் குருசு நட்டேன், அம்மா சொல்வதுதான் சரி என்று சொல்லியிருந்தால் என்ன, ஊர் நாலு நாள் சிரித்திருக்கும். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிற டீச்சர் என்று ஏசியிருக்கும். அந்த நாலு நாளைத் தாங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

“அம்மாவுக்கு இப்ப ஓர்மை அவ்வளவா நிக்கதில்ல” என்றேன். “நம்ம இடம் அதுதான்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். பார்வை மங்கிய கண், என் முகம் தெரிந்ததோ இல்லையோ. “அப்பிடியா மக்கா?” என்றாள். “நான் நல்லா எண்ணினேனே.”

“பீடம் பெரிசாத் தெரியுதும்மா, அதுல கணக்குத் தப்பிப் போச்சு. வா.”

“செரி. நீ சொன்னா செரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் கண்ணு தெரியலியே.”

அவளைக் கைபிடித்துத் திரும்ப நடத்திக்கொண்டு வந்தேன். வந்தாள். தென்னைக்கு நேராகக் குருசை நடும்போது, நேராக இறக்கு, நேராக இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தவக்காலத்திலேயே அம்மா போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் காலுக்க பக்கத்துல, காலுக்க பக்கத்துல என்றுதான் புலம்பல். அப்பாவுக்குக் குழி வெட்டிய அதே மனிதர்தான் இப்போதும் வந்தார். வயதாகிவிட்டது, ஆனால் கை தளரவில்லை. பாதி ஆழத்தில் எலும்பு தட்டியது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். இரண்டு கால் எலும்பையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்கப்பனுக்குக் காலுல தகடு உண்டும்லா பிள்ளே? இதுல ஒண்ணையும் காணலியே.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பங்குச் சாமியார் வரும் நேரம், பெட்டி கோவிலுக்குள் இருக்கிறது, மணி அடித்துக்கொண்டிருக்கிறது. என் நாக்கு தானாகப் புரண்டது.

“அது அப்பவே ஆஸ்பத்திரியில எடுத்தாச்சு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூட்டையைக் கட்டிக் குழியின் ஓரத்தில் வைத்தார். யாருடைய எலும்போ தெரியாது, அதன் பக்கத்தில் அம்மாவை இறக்கினோம். ஆளுக்கு ஒரு பிடி மணல் போட்டோம். எனக்கு அழுகை வரவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஆடி வந்தது. இந்தத் தடவை மணலைக் கொண்டுவந்து போட மேடு இல்லை. ஒப்பந்தக்காரன் சொன்னது பொய், காற்று ஒன்றையும் கொண்டுவரவில்லை. மேடு இருந்த இடத்தில் தடையில்லாமல் நுழைந்து, கல்லறைத் தோட்டத்தையே சுரண்ட ஆரம்பித்தது. வெள்ளை மணல் பறந்துபோய்க் கருமணல் மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. கடல்பக்க வரிசைகளில் ஒரு நீண்ட பள்ளம் விழுந்தது. முதலில் பெட்டிப் பலகைகள் தெரிந்தன. பிறகு மற்றதும் தெரிந்தது. நாய் வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொல்ல, கமிட்டி கூடி, வெளியே கிடப்பதையெல்லாம் சேர்த்துக் கற்குருசுக்குப் பின்னால் ஒரே குழியில் அடக்கம் செய்துவிடுவது என்று முடிவெடுத்தது. எது யாருடையது என்று யார் பிரிப்பது? நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வரும்போது எல்லாம் முடிந்து சாமியாரும் போய்விட்டார்.

குழிவெட்டுகிறவர் எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார். செய்தித்தாளில் சுருட்டிய ஒன்றை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. பிரித்தேன். கொஞ்சம் கறுத்துப்போன தகடு, அதில் இன்னும் ஆறு திருகாணியும் இருந்தன.

“ஆஸ்பத்திரியில எடுத்தாச்சுன்னு சொன்னியே பிள்ளே” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “எலும்பு மத்ததுக்க கூட சேந்து போச்சு. எனக்குத் தெரிஞ்சப்போ மூடியாச்சு. இது மட்டும் தனியாக் கெடந்துச்சு.”

“எங்க கெடந்துச்சு?” என்றேன்.

கூட்டிப்போய்க் காட்டினார். பள்ளத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். நான் கற்குருசின் பீடத்தில் முதுகை ஒட்டி நின்றேன். என் எட்டு பெரியது, அதில் எண்ணினால் ஆகாது. அம்மாவுடையது சேலை தடுக்க நடக்கிற சின்ன எட்டு. அப்படியே நடந்தேன். காற்றில் மணல் காலில் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்திரண்டில் குச்சி என் காலில் இடித்தது.

அம்மாவின் குருசுக்குத் திரும்பிவந்து, அதன் அடியில் இரண்டு கையாலும் தோண்டினேன். தோண்டத் தோண்ட மணல் சரிந்து விழுந்தது. முழங்கை ஆழம் போனதும் தகட்டை உள்ளே வைத்தேன். ‘காலுதாம்மா, இவ்வளவுதான் கிடைச்சுது, மன்னிச்சிரு’ என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற குழிவெட்டுகிறவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

போகும்முன் கற்குருசிலிருந்து அம்மா கிடக்கும் இடத்துக்கும் அதே சின்ன எட்டில் எண்ணிப் பார்த்தேன். இனிக் குருசை நம்ப முடியாது, எண்ணித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு எட்டு. தம்பிக்குப் போன் செய்து, இதை எழுதி வை என்றேன். அவன் எழுதிக்கொண்டு, “அன்னைக்கு அம்மா நின்ன இடம்?” என்று கேட்டான்.

“நாற்பத்திரண்டு.”

அதையும் எழுதிக்கொண்டான். மீதிப் பதினாறு எட்டும் நான் அவளைக் கைபிடித்துத் திரும்ப நடத்திக்கொண்டு வந்த எட்டு.